மஞ்சள் மிதவை இருந்த இடம்

ஹோட்டல் கட்டுகிறவர்கள் அந்தப் பலகையை வேறு எங்காவது நட்டிருக்கலாம். கராக்கோல் கிராமத்தில் இடத்துக்கா பஞ்சம்? ஆனால் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் ஐஸ் அறைக்கு நேர் எதிரே, கடலுக்குப் போகிறவனும் திரும்புகிறவனும் கடந்தே ஆக வேண்டிய இடத்தில்தான் நட்டார்கள். பச்சை எழுத்து. ஓரத்தில் ஓர் ஆமை பல்லைக் காட்டிச் சிரித்தது. ஆமைக்குப் பல்லே கிடையாது. "அளந்து பார்த்தோம்! எங்கள் கட்டுமானத்தால் கடலுக்குத் தீங்கு இல்லை" என்று எழுதியிருந்தது.

அரசேலி கனுல் அதைப் படித்துவிட்டு நகராமல் நின்றாள். அந்த அளவை எடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

அவள் இந்த ஊர்க்காரிதான். வெளியே போய்க் கடல் உயிரியல் படித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கிற ஊர்களையெல்லாம் விட்டுவிட்டு இங்கேயே திரும்பி வந்தவள். ஊரில் அவளுக்கு 'மீன் டாக்டர்' என்று பெயர். பாதி மரியாதை, பாதி கிண்டல். ஹோட்டல் வேலை தொடங்கியபோது, கடலை அளக்கும் இடத்தில் நம் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று சங்கம் அவளை அனுப்பி வைத்தது.

மூங்கில் கூரை, சூரிய மின்சாரம், காகிதக் குழலில் இளநீர் என்று ஹோட்டல்காரர்கள் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார்கள். இயற்கைக்குக் கேடில்லாத கட்டடம் என்று சான்றிதழ் வாங்கி வாசலில் மாட்டப் போகிறார்களாம். அந்தச் சான்றிதழுக்காகத்தான் கடலை அளப்பது. அளக்கும் முறையும் குழந்தைக்குப் புரிகிற மாதிரி எளிது. கடலில் இரண்டு மிதவைகள், ஊர்ப் பேச்சில் போயா. சிவப்பு மிதவை, படகுத்துறை கட்டுகிற இடத்தில். மஞ்சள் மிதவை, அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, யாரும் மீன்பிடிக்கக் கூடாது என்று சங்கமே கட்டுப்பாடு போட்டு ஒதுக்கி வைத்த காப்புக் கடலில். கறுப்பும் வெள்ளையும் பூசிய வட்டத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்க வேண்டும். தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அது அந்த இடத்துத் தண்ணீரின் தெளிவு. யார் கையும் படாத இடத்தில் தண்ணீர் எப்படி, கட்டுகிற இடத்தில் எப்படி? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கட்டடம் செய்த கேடு. அது எல்லை தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும்.

வித்தியாசமே வரவில்லை. அதுதான் கொடுமை. வாரம் தவறாமல் கம்பெனிப் படகில் போய் இறக்கினார்கள். சிவப்பிலும் தட்டு சீக்கிரம் மறைந்தது, மஞ்சளிலும் சீக்கிரம் மறைந்தது. கம்பெனியின் சுற்றுச்சூழல் இன்ஜினியர் மோந்தெமயோர், தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு உதட்டைப் பிதுக்குவார்.

"என்ன பண்றது மேடம், இந்த வருஷம் கடலே கலங்கிக் கெடக்கு. வடக்கன் காத்து, சர்காசோ பாசி. எங்க மேல பழி போடாதீங்க."

அரசேலியும் காற்றின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். ஆனால் படகுத்துறைக்கு அந்தப் பக்கம் கடற்புல் மேல் சேறு மாவு மாதிரி படிந்து கிடந்தது. அந்தப் பக்கத்து வயல்களில் சிங்கி இறால் அறவே இல்லை. இந்த ஊரில் வயல் என்றால் கடலில்தான். ஒவ்வொரு மீனவனுக்கும் சங்கம் ஒரு துண்டுக் கடலை ஒதுக்கியிருக்கிறது. அதில் அவனவன் சிமெண்ட் கூரைகளைத் தாழ்வாக இறக்கி வைப்பான். வெயிலுக்கும் சுறாவுக்கும் பயந்த சிங்கி இறால்கள் அந்த நிழலில் வந்து குடியிருக்கும். மேலே தூக்கிப் பார்த்துப் பெரியதைப் பிடித்துக்கொண்டு, சிறியதை விட்டுவிடுவார்கள். ஊரே அந்தக் கூரைகளுக்குக் கீழேதான் சாப்பிடுகிறது.

இப்போது ஹோட்டலுக்கு இரண்டாம் கட்டம் வேண்டுமாம். பெரிய உல்லாசப் படகுகள் வர, கடற்புல் மேட்டைக் குறுக்கே வெட்டித் தூர்வாரி, கால்வாய் தோண்டப் போகிறார்கள். சிங்கிக் குஞ்சுகள் வளர்வதே அந்தப் புல்லில்தான். அதை வாரி எறிந்தால் எந்த வயலிலும் எந்தக் கூரையும் காலிதான். அனுமதிக்கான பொது விசாரணை வெள்ளிக்கிழமை. அதற்குள் இந்த ஆமை வந்து சிரிக்கிறது.

"சிரி, சிரி" என்றாள் அரசேலி பலகையைப் பார்த்து. நேராகப் போய்த் தன் சின்னப் படகைத் தள்ளினாள். கம்பெனிக்காரர்கள் இல்லாமல், தட்டு இல்லாமல், தன் கண்ணால் ஒருமுறை மஞ்சள் மிதவைக்கு அடியில் பார்த்துவிடுவது என்று கிளம்பினாள்.

முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிதவைக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினாள். கீழே சேறு. கயிற்றின் நுனியில் கான்கிரீட் கட்டை பாதி புதைந்து கிடந்தது. அவ்வளவுதான். கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆரம்பத்தில் அந்தக் கட்டையை அவளே நின்று இறக்க வைத்தது, கன்றுக்குட்டி அளவு பெரிய மூளைப் பவளத்துக்குப் பக்கத்தில். பவளத்தைக் காணோம். பவளம் என்ன எழுந்து நடந்தா போகும்?

மேலே வந்து, மூச்சு வாங்க, கரையைப் பார்த்தாள். கலங்கரை விளக்கம் பள்ளிக்கூடத் தகரக் கூரைக்கு நேர் மேலே, எப்போதும் போல, ஒரு மயிரிழை பிசகாமல் நின்றது. அவள் வைத்திருந்த அடையாளம் அதுதான். ஆனால் கடலில் இடம் சொல்ல ஒரு கோடு போதாது, இரண்டு வேண்டும். தலையைத் திருப்பி மற்றப் பக்கம் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி, மொட்டைத் தென்னைக்கு நேராக இருக்க வேண்டியது. தொட்டி எங்கோ, தென்னை எங்கோ. யாரோ மிதவையை அந்த முதல் கோட்டின் மேலேயே, கோடு விலகாமல், படகுத்துறைப் பக்கமாக வெகுதூரம் நகர்த்தியிருக்கிறார்கள். மேலிருந்து பார்க்கிறவளுக்குச் சந்தேகமே வரக்கூடாது என்று, அவள் எந்தக் கோட்டைப் பார்ப்பாள் என்பதைத் தெரிந்து செய்திருக்கிறார்கள்.

அதனால்தான் இரண்டிலும் ஒரே கலங்கல். படகுத்துறைச் சேறு நீரோட்டத்தில் அடித்துக்கொண்டு நேராக இங்கே வருகிறது. இத்தனை மாதமும் சேற்றைச் சேற்றோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

மிதவையைப் புரட்டிக் கயிற்றைப் பார்த்தாள். ஊரில் எல்லாரும் வாங்குகிற வெள்ளை நைலான் இல்லை. நீலமும் பச்சையும் முறுக்கிய தடித்த கயிறு. படகுத்துறையில் சேறு வெளியே வராமல் தடுக்கவென்று பேருக்குத் தொங்கவிட்டிருக்கும் திரையைக் கட்டியிருக்கிற கம்பெனிக் கயிறு. ஆக, கம்பெனிக்காரன் வேலை என்று நினைத்து, முடிச்சைத் திருப்பிப் பார்த்தாள். முடிச்சு இடது பக்கமாகச் சுற்றியிருந்தது. கரையோரம் முழுக்கத் தேடினாலும் அப்படி இடது கையால் இரட்டைச் சுற்று போட்டு நுனியை உள்ளே சொருகுகிறவன் ஒருத்தன்தான். அவள் தம்பி வில்பெர்த்.

வில்பெர்த் வீட்டுக்குப் பின்னால் புதுச் சிங்கிக் கூரைக்குச் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தான். அக்கா ஈரத் துணியோடு வருவதைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்ன மீன் டாக்டரே, நோயாளி பொழச்சிட்டானா?"

"போயாவ எதுக்குடா நகத்துன?"

கரண்டி நின்றது. சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"எந்த போயா?"

"என் காதுல பூ சுத்தாத. அந்த முடிச்ச நீ சின்னப் பையனா இருந்தப்பவே பாத்தவ நான். சொல்லு, எதுக்கு நகத்துன?"

வில்பெர்த் கரண்டியைச் சிமெண்டில் குத்தி நிறுத்தினான். சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு அவனுக்கும் கோபம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம்.

"நீ பண்ண வேலைக்கு என்னைக் கேக்குறியா? ஊர்ல அவ்வளவு கடல் கெடக்கு, கரெக்டா என் சோத்துப் பானை மேல கொண்டு போயி மஞ்ச போயாவப் போட்டது யாரு? நீ கட்டை எறக்க வந்தப்ப ராத்திரியோட ராத்திரியாக் கூரையத் தள்ளி வச்சேன், அப்பறமும் வர்றவன் போறவனெல்லாம் அங்க படகக் கட்டிட்டுக் கீழ எட்டிப் பாத்தான்."

"ஒன் சோத்துப் பானையா? அது காப்புக் கடல்டா. அங்க ஒனக்கு என்ன பானை?"

அவன் கரண்டிப் பிடியில் ஒட்டிய சிமெண்டைச் சுரண்டினான். அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரும் மீன்பிடிக்கக் கூடாத இடத்தில், ஊர் முழுக்கக் கட்டுப்பாட்டை மதித்துத் தள்ளிப் போகிற இடத்தில், இவன் திருட்டுத்தனமாகக் கூரைகளை இறக்கி வைத்துச் சிங்கி பிடித்திருக்கிறான். அவள் யார் கையும் படாத கடல் என்று தேடித் தேடி மிதவை வைத்த இடத்தில் அவள் கூடப் பிறந்தவன் கைதான் பட்டிருக்கிறது.

"என் வயலு படகுத்துறைப் பக்கம்க்கா" என்றான், குரல் இறங்கி. "ஒரு சிங்கி இல்ல. கூரையத் தூக்குனா சேறுதான் வருது. நான் எங்க போவேன்? மத்தவன் வயல்ல போயித் திருடவா? யாருது இல்லாத எடத்துல பிடிச்சேன்."

"யாருது இல்லாத எடமா? எல்லாருதும்டா அது! ஒன் வயல்ல சேறு ஏன் வந்துச்சு? அவன் கட்டுறதுனால. அத நிரூபிக்கத்தான் அந்த போயாவ வச்சேன். ஒன் வயல அழிச்சவனுக்கு நீயே சாட்சியக் கலைச்சுக் குடுத்திருக்க."

"எனக்கென்ன தெரியும்? சுத்தமான தண்ணில இருக்கணும்னுதான நீ மீட்டிங்ல சொன்ன? நான் நகத்துனப்ப அங்கயும் சுத்தமாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் தள்ளி வச்சா என்ன கொறஞ்சிரும்னு வச்சேன்."

அவளுக்கு அவனை அறையவேண்டும் போலிருந்தது. குழைத்த சிமெண்டை அள்ளி அவன் தலையில் கொட்டவேண்டும் போலவும் இருந்தது.

"கயிறு ஏது? கம்பெனியில திருடுனியா?"

"அத விடு."

"வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நீ சொல்லணும். நான்தான் நகத்துனேன்னு."

"சொன்னா தலைவி தோன்யா நெல்மி சங்கத்தக் கூட்டி என் வயலப் பிடுங்கிருவா. காப்புக் கடல்ல பிடிச்சா வயல் போச்சு. சட்டம் தெரியும்ல?"

"தெரியும். நானும் கை தூக்கிப் போட்ட சட்டம்தான்."

"அப்ப போயி நீயே சொல்லிக்க. சொல்லிட்டு என் புள்ளைங்களுக்கு நீயே சோறு போடு" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி கரண்டியை எடுத்தான். சிமெண்ட் இறுகத் தொடங்கியிருந்தது.

மறுநாள் வாராந்தர அளவை. மஞ்சள் மிதவைக்குப் படகு போய்ச் சேர்ந்ததும், அரசேலி தட்டை இறக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"இது பழைய எடம் இல்ல, சார். போயா நகந்திருக்கு."

மோந்தெமயோர் ஆச்சரியப்பட்டது மாதிரிகூட நடிக்கவில்லை. அவர் பக்கத்திலேயே, படகு எங்கே நிற்கிறது என்று கை அகலம் பிசகாமல் காட்டுகிற கருவி பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. வாரா வாரம் ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது. அவள்தான் எட்டிப் பார்க்கவில்லை.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்" என்றாள்.

"போயா ஒங்க சங்கத்தோட பொறுப்பு மேடம். அப்படித்தான ஒப்பந்தம்? நாங்க தொடவே இல்ல. நீங்க காட்டுற எடத்துல தட்டை எறக்குறோம்." அவர் குளிர்பெட்டியைத் திறந்து ஒரு கோலாவை அவளுக்கு நீட்டினார். அவள் வாங்கவில்லை. "தாராளமா விசாரணைல சொல்லுங்க. யாரு நகத்துனது, எதுக்கு நகத்துனதுன்னு அடுத்த கேள்வி வரும். காப்புக் கடல்ல யாரோ சிமெண்ட் கூரை போட்டிருக்காங்கன்னு எங்க ஆளுங்க சொன்னாங்க. யாரோ. நமக்கெதுக்கு குடும்ப விவகாரம்?"

எவ்வளவு பதமாகப் பேசினார் தெரியுமா! குரல் உயரவில்லை, முகம் சுளிக்கவில்லை. கடலைக் கெடுப்பவன் மீசை முறுக்கிக்கொண்டு வருவான் என்று பார்த்தால், இப்படித் தொப்பி போட்டுக்கொண்டு கோலா நீட்டுகிறவனாக அல்லவா வருகிறான். அரசேலி அந்தத் தட்டைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. இன்றைக்கு நான் அளக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படகைக் கரைக்குத் திருப்பச் சொன்னாள். அதற்கு மேல் வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

விசாரணை பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து மைதானத்தில் நடந்தது. மேலே தகரக் கூரை, கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் ஒருத்தி சல்பூத்தே என்கிற சோள அடையை எண்ணெயில் சுடச்சுடப் பொரித்து விற்றுக்கொண்டிருந்தாள். மாநிலத் தலைநகரிலிருந்து வந்த அதிகாரி, இளம் பெண், வியர்வையைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டிருந்தாள். சங்கத் தலைவி தோன்யா நெல்மி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கையைக் கட்டிக்கொண்டால் ஊர் வாயைக் கட்டிக்கொள்ளும். வில்பெர்த் கடைசி வரிசைக்கும் பின்னால், கூடைக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றான். அவன் மனைவி மிர்னா கட்டுமான முகாமின் சமையல்காரி. வேலையிலிருந்து நேராக, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்திருந்தாள்.

மோந்தெமயோர் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார். சிவப்பும் மஞ்சளும், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒட்டிக்கொண்டு போயின.

"இதுக்கு மேல நான் என்ன சொல்ல? எங்க வேலை நடக்கிற தண்ணியும், யாருமே தொடாத தண்ணியும் ஒண்ணுபோல இருக்கு. அளந்தவங்கள்ல ஒங்க ஊர்ப் பொண்ணும் ஒருத்தர்."

அரசேலி எழுந்தாள். மைக்கை வாங்காமலே பேசினாள். மஞ்சள் மிதவை இருந்த இடம் அது இல்லை, அதைப் படகுத்துறைச் சேறு வந்து சேருகிற இடத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள், இத்தனை மாத அளவும் செல்லாது, பழைய இடத்தில் மறுபடி அளக்க வேண்டும் என்றாள். மைதானம் சலசலத்தது.

"மிதவை சங்கத்தோட காவல்ல இருந்தது" என்றார் மோந்தெமயோர் பணிவாக. "நகந்துச்சுன்னா யாரு நகத்துனாங்க, எப்ப? சாட்சி இருக்கா? இல்லன்னா, முடிவு புடிக்கலன்னதும் அளவுகோல் தப்புன்னு சொல்ற மாதிரி ஆயிரும்."

அதிகாரி அரசேலியைப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் சட்டப்படி நடக்கிறவள். "சாட்சி இருந்தா சொல்லுங்க. வெறும் வாய்வார்த்தைய வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அரசேலி கடைசி வரிசைப் பக்கம் திரும்பினாள். வில்பெர்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மூச்சு நேரம் கொடுத்தாள். இன்னொரு மூச்சு நேரமும் கொடுத்தாள். சின்ன வயதில் அவன் உடைத்த சாமானுக்கெல்லாம் நான் உடைத்தேன் என்று சொல்லி அடிவாங்கியவள் அவள். இன்றைக்கு அது முடியாது. இது சாமான் இல்லை.

"நகத்துனவன் என் தம்பி" என்றாள். "வில்பெர்த் கனுல். அதோ நிக்கிறான்."

சல்பூத்தே எண்ணெயில் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

வில்பெர்த் கம்பத்தை விட்டு நிமிர்ந்தான். முகம் வெளிறியிருந்தது, பிறகு சிவந்தது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். அக்காவை அடிக்கத்தான் வருகிறான் என்று சிலர் எழுந்துகூட விட்டார்கள். அவன் அக்காவைத் தாண்டிப் போய் இன்ஜினியர் முன்னால் நின்றான்.

"ஆமா, நான்தான் நகத்துனேன்! இந்தக் கையாலதான். இப்ப நீ சொல்லு. அன்னைக்கு நீ எங்க இருந்த? சொல்லுய்யா! படக எடுத்துட்டுப் பக்கத்துல வந்து நிக்கல? என் பழைய கயிறு அந்துபோச்சுன்னதும், 'இந்தா, இது நல்ல கயிறு'ன்னு ஒன் போட்லேர்ந்து தூக்கிப் போடல?"

"இது அபாண்டம்" என்றார் மோந்தெமயோர். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "இவர் காப்புக் கடல்ல திருட்டுத்தனமா..."

"திருட்டுத்தனமாத்தான் புடிச்சேன்! ஒனக்கும் சேத்துத்தான் புடிச்சேன்! சிங்கி புடிக்கத் தடை போட்டிருந்த மாசத்துல ஒன் முகாமுக்கு வாளி வாளியாக் குடுத்தனே, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாது? நீ வாய மூடிக்க, நானும் மூடிக்கிறேன்னு கண்ணடிச்சது யாரு?"

"பொய். ஆதாரம் இல்லாம..."

"நான்தான் சமைச்சேன்" என்று ஒரு குரல் வந்தது. மிர்னா எழுந்து நின்றாள். புருஷன் மேல் அவளுக்கிருந்த ஆத்திரம் முகத்தில் அப்படியே தெரிந்தது. இன்ஜினியர் மேல் இருந்தது அதைவிடப் பெரிது. "பூண்டும் வெண்ணெயும் போட்டு வறுத்தேன். எலுமிச்ச பத்தலன்னு தட்டத் திருப்பி அனுப்புனீங்களே சார், மறந்துபோச்சா? தடை மாசத்துல சிங்கியக் கொன்னு தின்னுட்டு, ஆமை படம் போட்டுப் பலகை நடுறீங்க. வெக்கமா இல்ல?"

மைதானம் சிரிப்பில் வெடித்தது. நல்ல சிரிப்பு இல்லை அது. நாற்காலிகள் கவிழ்கிற மாதிரியான சிரிப்பு. அரசேலி காலடியில் வைத்திருந்த பையைத் திறந்து, மிதவையிலிருந்து அறுத்து வந்த நீலப்பச்சைக் கயிற்றை அதிகாரியின் மேஜைமேல் போட்டாள். இடது பக்கச் சுற்று முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. மோந்தெமயோர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். கயிறு திருடப்பட்டிருக்கலாம் என்று ஏதோ முணுமுணுத்தார். யாரும் கேட்கவில்லை.

அதிகாரி வெகுநேரம் எழுதினாள். இதுவரை எடுத்த அளவை எதுவும் செல்லாது, மிதவை பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், இன்ஜினியர் முன்னிலையில் புதிதாக அளக்க வேண்டும், அதுவரை தூர்வாரக் கூடாது என்று படித்துக் காட்டினாள். ஊர் கைதட்டியது. அவ்வளவோடு முடிந்திருந்தால் எல்லாரும் சல்பூத்தே தின்றுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

தோன்யா நெல்மி கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"வெளியாள் வெவகாரம் முடிஞ்சுது. இப்ப நம்ம வெவகாரம். சங்கத்து ஆளுங்க உக்காருங்க."

"தோன்யா, இன்னைக்கேவா?" என்றார் யாரோ. "சாட்சி சொல்லிருக்கான், பாவம்."

"சொன்னது சரி. புடிச்சது தப்பு. அவனுக்காக சட்டத்த வளைச்சா, நாளைக்கு இந்த இன்ஜினியரப் பாத்துப் பேச எனக்கு வாய் இருக்குமா? காப்புக் கடல்ல புடிச்சவனுக்கு வயல் இல்ல. சரிங்கறவங்க கை தூக்குங்க."

ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. அவனோடு ஒரே படகில் போகிறவன் கையும் எழுந்தது, மெதுவாக. அப்பாவின் பங்கு அரசேலி பேரில் இருந்தது. அவளும் ஓர் உறுப்பினர். வில்பெர்த் மற்ற யாரையும் பார்க்கவில்லை, அவளை மட்டும் பார்த்தான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிடக் கோபம் முட்டியது. தம்பி மேல், அந்தத் தொப்பிக்காரன் மேல், ஒருத்தன் கடலை அழிக்கும்போது பசித்தவனும் கூடச் சேர்ந்து திருடவேண்டி வருகிற இந்தக் கேடுகெட்ட ஏற்பாட்டின் மேல். கையைத் தூக்கினாள்.

மறுநாள் காலையில் அவள் மிதவையையும் கட்டையையும் படகில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, வில்பெர்த் வெள்ளை நைலான் கயிறு ஒரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். காலை வணக்கம் சொல்லவில்லை. படகில் ஏறி உட்கார்ந்தான்.

"எதுக்கு வந்த?"

"ஒனக்கு முடிச்சு போட வராது. மொத வடக்கன் காத்துக்கே போயா அடிச்சிட்டுப் போயிரும். அப்பறம் அதுக்கும் என் தலைய உருட்டுவீங்க."

அவள் படகைத் தள்ளினாள். கலங்கரை விளக்கம் தகரக் கூரைக்கு நேராக, தண்ணீர்த் தொட்டி மொட்டைத் தென்னைக்கு நேராக வந்ததும், அவளைக் கேட்காமலே அவன் இன்ஜினை அணைத்தான். மூளைப் பவளம் கீழே தெரிந்தது. கட்டையை இறக்கினார்கள். அவன் கயிற்றைக் கட்டினான், இடது பக்கமாக, இரட்டைச் சுற்று. அவள் தட்டை இறக்கினாள். தட்டு இறங்கிக்கொண்டே போனது, மறையவே இல்லை. தரையில் போய்ப் படுத்த பிறகும் கறுப்பும் வெள்ளையும் பளிச்சென்று தெரிந்தன. பக்கத்தில் அவனுடைய திருட்டுக் கூரை ஒன்று. அதன் விளிம்பிலிருந்து சிங்கி இறால்களின் நீண்ட மீசைகள் ஆடிக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் ஒன்பது மணிக்கு உத்தரவுப்படி அளந்து முடிச்சதும் வெளிய எடுத்துரணும்" என்றாள்.

"தெரியும். தோன்யா சொல்லி அனுப்பிட்டா." எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னான். "குஞ்சு ஜாஸ்தியா இருக்கு. பாத்து எடுக்கணும்."

பிறகு சிவப்பு மிதவைக்குப் போனார்கள். அங்கே படகுத்துறைத் தூண்கள் நின்றன. சேற்றுத் திரை பாதி கிழிந்து மிதந்தது. அவள் தட்டை எடுக்கக் கை நீட்டியபோது அவன் முந்திக்கொண்டான்.

"குடு, நான் எறக்குறேன்."

கயிற்றில் பாகத்துக்கு, அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு, ஒரு முடிச்சு இருந்தது. முதல் முடிச்சு தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே தட்டைக் காணவில்லை. அவன் மேலே இழுத்தான். தட்டு தெரிந்தது. மறுபடி விட்டான். மறைந்தது. மூன்றாவது முறையும் இழுத்து விட்டுப் பார்த்தான். அந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அவன் வயல் இருந்தது, நேற்று வரைக்கும். அந்தச் சேற்றில்தான் வெறும் கூரைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, தன் துரதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"இவ்ளோவா?" என்றான்.

"இவ்ளோ" என்றாள் அரசேலி.

அவன் தட்டை மெதுவாக உள்ளே எடுத்து வைத்தான். படகின் கயிற்றைச் சிவப்பு மிதவையில் மாட்டி இறுக்கினான். படகுத்துறையைப் பார்த்துக் காறித் துப்பினான். பிறகு பலகையில் உட்கார்ந்து, கையை முன்னால் கட்டிக்கொண்டு, ஹோட்டல் பக்கமிருந்து படகு வருகிற வழியையே பார்த்தான்.

"அந்த ஆளு வருவான்ல?"

"வருவான். அவன் முன்னாடி அளக்கணும்னு உத்தரவு."

"வரட்டும்" என்றான் வில்பெர்த். "தட்டை அவன் கையிலயே குடு."